கப்பலில் இறந்த முன்னோர்களைத் தேட நியூஸ்பேப்பர்எஸ்ஜி: பெயரை விடுங்கள், கப்பலைப் பிடியுங்கள்

சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் திறந்து வைத்திருக்கும் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தைப் பலரும் பிள்ளைகளின் பள்ளி வேலைக்கோ, பழைய சினிமா விளம்பரங்களைப் பார்த்து ரசிக்கவோதான் திறக்கிறார்கள். நான் கொஞ்ச காலமாக அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறேன். ஊரிலிருந்து இங்கே வரும் வழியிலோ, இங்கிருந்து திரும்பும் வழியிலோ கப்பலிலேயே உயிர் விட்ட முன்னோர்களைத் தேடுகிற வேலை. அதற்கு இந்தத் தளம் எவ்வளவு தூரம் கூட வரும், எங்கே கைவிரிக்கும், கைவிரித்த பிறகு வேறு எந்தக் கதவைத் தட்டலாம் என்பதைத்தான் எழுதப் போகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சல்லிக்காசு செலவில்லை, தளம் நன்றாகவே இருக்கிறது, ஆனால் தாத்தா பெயரைத் தட்டினால் தாத்தா வந்து நிற்பார் என்று நினைத்துப் போனால் அரை மணி நேரத்தில் வெறுத்துப்போய் மூடிவிடுவீர்கள். கப்பலைத் தேடுங்கள், தேதியைத் தேடுங்கள். ஆள் அதற்குப் பிறகுதான்.

காரணம் சொல்கிறேன். நம் ஆட்களில் பெரும்பாலோர் டெக் பயணிகள், அதாவது கேபின் இல்லாமல் கப்பலின் தளத்திலேயே இடம் பிடித்து வந்தவர்கள். அந்தக் காலப் பத்திரிகையில் கேபினில் வந்த துரைக்கும் துரைசாணிக்கும் பெயர் போடுவார்கள், மிஸ்டர் இன்னார், மிஸஸ் இன்னார், குழந்தை, ஆயா என்று வரிசையாக வரும், கடைசியில் டெக் பயணிகள் இத்தனை பேர் என்று ஓர் எண்ணோடு முடித்துவிடுவார்கள். ஆயிரம் பேர் வந்திருந்தாலும் அந்த ஒரே எண்ணுக்குள் அடக்கம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன சுமார் 1,52,000 பேருக்குக் கப்பல் வாரியாகப் பதிவேடு இருக்கிறது. ஆளுக்கு ஓர் எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உடம்பில் இருந்த தழும்பு உட்பட எழுதி வைத்திருக்கிறார்கள். டர்பனில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே ஊர் வரை போய்விட முடியும். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்களின் கதை அப்படியில்லை. இங்கே ஒப்பந்த முறை 1910-ல் முடிவுக்கு வந்தது. கங்காணி கூட்டி வந்தவர்கள், சொந்தக் காசில் வந்தவர்கள், மாமன் கடைக்குக் கணக்கெழுத வந்தவர்கள், அண்ணனைத் தேடி வந்தவர்கள் என்று வழிகள் பல, அதிலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய்வந்துகொண்டே இருந்தவர்கள் நிறைய. நேட்டால் பதிவேடு போல ஒரே இடத்தில் உட்கார்ந்து பெயர் தேடும் வசதி நமக்கு வாய்க்கவில்லை.

அதனால்தான் காசு கட்டும் வம்சாவளித் தளங்களை நான் யாருக்கும் முதலில் சொல்வதில்லை. என் சித்தப்பா மகன் ஒன்றில் ஆண்டுச் சந்தா கட்டினான், எது என்பது வேண்டாம். முதற்பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். தகப்பன் பெயரின் முதல் எழுத்தைத் தவிர வேறெதுவும் முன்னால் போட்டுப் பழகாத மனிதரை அந்த இரண்டு கட்டங்களில் எங்கே பிரித்து வைப்பது? ராமசாமி என்று மட்டும் போட்டால் மொரீஷியஸ் முதல் பீஜி வரை இருக்கிற ராமசாமிகள் எல்லாரும் வந்து நின்றார்கள், நம்மவர் மட்டும் இல்லை. அப்புறம் அடுத்த வருஷம் கேட்காமலேயே கார்டில் பணம் கழிந்தது, அதை நிறுத்த அவன் பட்டபாடு தனிக்கதை.

சரி, கப்பலைத் தேடுவது என்று முடிவு செய்துவிட்டால் முதலில் தேதி வேண்டும். இந்த இடத்தில் நம் வீடுகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆங்கிலத் தேதி யாருக்கும் ஞாபகம் இருக்காது, திதி இருக்கும். தெவசம் கொடுக்கிற வீடாக இருந்தால் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்பதெல்லாம் வீட்டுப் பெரிய பெண்களிடம் தலைமுறை தாண்டியும் பத்திரமாக இருக்கும். கூடவே வருஷத்தின் பெயரும் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்ப வரும் என்பதால் எந்தத் தலைமுறை என்று தெரிந்தால் குழப்பத்துக்கே இடமில்லை. எங்கள் கொள்ளுத்தாத்தா விஷயத்தில் பெரியத்தை சொன்னது இது: ரக்தாட்சி வருஷம், ஐப்பசி, வளர்பிறைப் பஞ்சமி. தீபாவளிக்கு ஊரில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார், நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ பேதி கண்டு இறந்தார், கடலிலேயே விட்டுவிட்டார்கள். ரக்தாட்சி என்றால் 1924 ஏப்ரலிலிருந்து 1925 ஏப்ரல் வரை. அந்த வருஷம் ஐப்பசி அமாவாசை அக்டோபர் 28-ஐ ஒட்டி வருகிறது, ஆக வளர்பிறைப் பஞ்சமி நவம்பர் முதல் இரண்டு நாட்களில் விழுகிறது. தீபாவளிக் கணக்கும் ஒத்துப்போகிறது. பஞ்சாங்கத்தைத் தேதிக்கு மாற்றித் தரும் இணையப் பக்கங்கள் இப்போது நிறைய இருக்கின்றன, ஆனாலும் ஒன்றுக்கு இரண்டாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் பெயரைக் கேட்டால் மட்டும் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும். ரஜுலா. நம் குடும்பக் கதைகளில் ஓடாத இடமே இல்லை அந்தக் கப்பலுக்கு. ஆனால் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி ரஜுலாவைக் கட்டி இறக்கியதே 1926-ல்தான். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியதால், அதற்கு முன்னால் ஓடிய கப்பல்களின் கதைகளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. 1924-ல் இறந்தவர் ரஜுலாவில் இறந்திருக்க வழியே இல்லை. இதைப் பெரியத்தையிடம் சொன்னேன். "உனக்குத் தெரியுமா, எங்கப்பாவுக்குத் தெரியுமா" என்று கேட்டார். பேச்சு அதோடு நின்றது. நான் கண்டுபிடித்த கப்பலின் பெயரை இங்கே எழுதாததற்கு அதுதான் காரணம். இதையெல்லாம் அவர் பேரன் ஒருவன் விடாமல் படிக்கிறான்.

இனி தளத்துக்கு வருவோம். ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-லிருந்து இருக்கிறது. சிங்கப்பூர் ஃப்ரீ பிரஸ், மலாயா டிரிபியூன், பினாங்குப் பத்திரிகைகள் சில என்று பெரிய குவியல். பழைய இதழ்களை வீட்டில் இருந்தபடியே, கணக்குத் திறக்காமல் படிக்கலாம். பிற்கால இதழ்களுக்குத்தான் நூலகத்துக்குப் போய் அங்குள்ள கணினியில் பார்க்க வேண்டும். நம் வேலைக்குத் தேவையானது பெரும்பாலும் போருக்கு முந்தையது என்பதால் அது ஒரு தடையே இல்லை.

தேடும் முறைதான் முக்கியம். நாள் வரம்பை இறந்த தேதிக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து மூன்று வாரம் பின்னால் வரை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கப்பல் பினாங்கிலும் போர்ட் ஸ்வெட்டன்ஹாமிலும் (இன்றைய போர்ட் கிளாங்) நின்று ஆள் இறக்கிவிட்டுத்தான் இங்கே வரும். முதலில் விளம்பரம். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி தன் புறப்பாடுகளைப் பத்திரிகையில் ஒழுங்காக விளம்பரம் செய்துகொண்டிருந்தது, நாகப்பட்டினம், சென்னை மார்க்கத்தில் அப்போது எந்தெந்தக் கப்பல் மாறி மாறி ஓடியது என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அடுத்தது கப்பல் போக்குவரத்துப் பத்தி. கப்பல் பெயர், எடை, கேப்டன் பெயர், எங்கிருந்து வந்தது, என்று வந்தது, யார் ஏஜென்ட் என்று பொடி எழுத்தில் நெருக்கி அடித்த பத்தி அது. கணினி அந்தப் பொடி எழுத்தைப் படித்து வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஊர்ப் பெயரின் கடைசி எழுத்து பாதி நேரம் வேறு எழுத்தாகியிருக்கும், பக்கத்துப் பத்தியின் வரி நடுவில் வந்து ஒட்டியிருக்கும், ஒன்றும் ஏழும் இடம் மாறியிருக்கும். அதிலும் நாகப்பட்டினத்தை அன்று எழுதிய ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்றைக்கு இருப்பது இல்லை, நெகபடாம் என்று உச்சரிக்கிற மாதிரி எழுதுவார்கள், இன்றைய எழுத்தைப் போட்டால் ஒன்றும் வராது. அதனால் ஊர்ப் பெயரையும் நம்பாமல், தேதியைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தின் படத்தையே திறந்து, பெரிதாக்கி, கண்ணால் படியுங்கள். நேரமாகும்தான், ஆனால் இதுதான் வேலை செய்கிறது. கைத்தொலைபேசியில் முயற்சி செய்யாதீர்கள், கண் போய்விடும்.

எனக்குக் கிடைத்தது என்ன? அந்த நாட்களில் நாகப்பட்டினத்திலிருந்து வந்திருக்கக்கூடிய கப்பல், அது இங்கே வந்த நாள், கேப்டன் பெயர், டெக் பயணிகள் எத்தனை பேர். வழியில் ஒருவர் இறந்தார் என்று ஒரு சொல் கிடையாது. முதலில் படிக்கும்போது வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் பேதியில் ஒரு டெக் பயணி இறந்துபோவது அன்றைய பத்திரிகைக்குச் செய்தியே இல்லை. எப்போது செய்தியாகும் என்றால், கப்பலில் காலராவோ அம்மையோ பரவி மொத்தமாகத் தடுத்து வைத்தால். 1873-ல் இங்கே காலரா வந்த பிறகு 1874-ல் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தும் நிலையத்தைத் திறந்தார்கள், அதற்குப் பிறகு நோயோடு வந்த கப்பல்கள் நேராக அங்கேதான் போயின. உங்கள் குடும்பக் கதையில் தீவில் வைத்திருந்தார்கள், துணியையெல்லாம் வாங்கி அவித்தார்கள் என்று ஏதாவது இருந்தால் அதிர்ஷ்டம், அந்தத் தீவின் பெயரோடு தேதியைச் சேர்த்துத் தேடுங்கள், கப்பல் பெயரும் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையும் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இன்னொரு வகை, பெரிய விபத்துகள். 1909 நவம்பர் 14 விடியற்காலையில் படேவியாவிலிருந்து (இன்றைய ஜகார்த்தா) சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த லா செய்ன் என்ற பிரெஞ்சுக் கப்பல் ரியாவ் கடல் பக்கம் பிரிட்டிஷ் இந்தியாவின் ஓண்டா கப்பலோடு மோதிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 101 பேர் இறந்தார்கள். கடலில் விழுந்தவர்களைச் சுறாக்கள் தாக்கியதைப் படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும். இந்த மாதிரி விஷயத்துக்கு நியூஸ்பேப்பர்எஸ்ஜியை அடித்துக்கொள்ள ஆளில்லை. தப்பியவர்கள் சொன்னது, விசாரணையில் கேப்டன்கள் சொன்னது என்று நாள் கணக்கில் தொடர்ந்து படித்துக்கொண்டே போகலாம். அங்கேயும் ஐரோப்பியப் பயணிகளுக்குப் பெயர், மற்றவர்களுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கை என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1942 பிப்ரவரியில் இங்கிருந்து தப்பிப் போகும்போது கப்பல் மூழ்கி இறந்தவர்கள் என்றால் இந்தத் தளத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பத்திரிகையே நின்றுபோன நாட்கள் அவை. கொஞ்ச நாளில் அதே இடத்தில் ஜப்பானியர் நடத்திய சியோனான் டைம்ஸ் வந்தது, அது இதையெல்லாம் எழுதப் போவதில்லை.

தமிழ்ப் பத்திரிகை என்று பார்த்தால் 1935-ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் தளத்தில் இருக்கின்றன. போருக்குப் பிந்தைய காலத்தில் கப்பலில் இறந்தவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதுதான், ஏனென்றால் ஆங்கிலப் பத்திரிகை எண்ணாகப் பார்த்த ஆளுக்கு முரசில் மரண அறிவிப்போ அனுதாபக் கூட்டச் செய்தியோ வந்திருக்கக்கூடும். அதை நான் சொல் போட்டுத் தேடவில்லை, தேதி வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அதற்கும் முன்னால் போக வேண்டும் என்றால், மகுதூம் சாயபு நடத்திய சிங்கை நேசன் இருக்கிறது. 1887 முதல் 1890 வரை வந்த வாரப் பத்திரிகை. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் லீ கோங் சியன் ஆய்வு நூலகத்தில் நுண்படச் சுருளாகப் பார்க்கலாம்.

அந்த நூலகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பதினோராம் மாடி. பூகிஸ் எம்ஆர்டியில் இறங்கி நடந்தால் போதும், வேலை முடிந்து போனாலும் உட்கார்ந்து பார்க்க நேரம் இருக்கும். குளிர் அதிகம், மேல்சட்டை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நுண்படச் சுருளை இயந்திரத்தில் மாட்டத் தெரியாவிட்டால் பணியாளர்கள் வந்து காட்டித் தருவார்கள். நாடாவின் நுனியைக் கண்ணாடிக்கு அடியில் செருகி எதிர்ப்பக்கச் சக்கரத்தில் கொக்கியிட்டு மெதுவாகத் திருப்ப வேண்டும், வேகமாக ஓட்டினால் பேருந்தில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தது மாதிரி தலை சுற்றும். நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. கப்பலின் பெயர் தெரியாது, திதிதான் தெரியும் என்று சொன்னபோது எதிரில் இருந்த சீனப் பெண்மணி திதி என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் பாட்டிக்கும் சந்திர மாதக் கணக்கில்தான் நினைவு நாள் என்றார்.

கேனிங் ரைஸில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். 1979-லிருந்து பதிவு செய்துவருகிறார்கள், தமிழிலும் பேட்டிகள் உண்டு, பலவற்றை ஆர்கைவ்ஸ் ஆன்லைன் தளத்தில் வீட்டிலிருந்தே கேட்கலாம். இதில் உங்கள் ஆள் கிடைக்க மாட்டார். ஆனால் டெக்கில் பாய் விரித்து இடம் பிடித்தது, வாந்தி, சாப்பாட்டு வரிசை என்று அந்தப் பயணம் எப்படி இருந்தது என்பதை அதே மாதிரிப் பயணம் செய்தவர்கள் சொல்லக் கேட்டால், பத்திரிகையின் வெறும் எண்ணிக்கைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று புரியும்.

இதுவரை சொன்னது பயணிகளுக்கு. கப்பலில் வேலை பார்த்து, உலகப் போர்களில் இறந்தவர் என்றால் கதையே வேறு, அங்கே பெயர் கிடைக்கிறது. காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் தளத்தைத்தான் சொல்கிறேன், அதுவும் இலவசம். கிராஞ்சியில் இருக்கும் சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தில் கல்லறை இல்லாத 24,000 பேருக்கு மேற்பட்டவர்களின் பெயர்கள் இருப்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், ஆனால் இந்திய வணிகக் கப்பல் மாலுமிகளை அங்கே தேடிப் பயனில்லை. இரண்டாம் உலகப் போரில் இறந்த அப்படிப்பட்ட சுமார் 6,000 பேரின் பெயர்கள் சிட்டகாங்கிலும் மும்பையிலும் ஒரே மாதிரி இரண்டு ஏடுகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆணையத்தின் தளத்தில் அந்த ஏடுகளின் பெயர்களைத் தேடலாம். சாரங்கு (மாலுமித் தலைவர்), டிண்டல் (அவருக்கு அடுத்தவர்), காசாப் (சாமான் அறைக்காரர்), பண்டாரி (சமையல்காரர்), தோப்பாஸ் (துப்புரவாளர்) என்று கப்பலில் பார்த்த வேலை, கப்பலின் பெயர், இறந்த தேதி, சில பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊரும்.

என் நண்பர் ஒருவர் நாகூர்க்காரர். நம் தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் 1828-30 வாக்கில் கட்டிய நாகூர் தர்காவைக் கடக்கும்போதெல்லாம் தன் பாட்டனார் பேச்சை எடுப்பார். போர்க் காலத்தில் கப்பலில் பண்டாரியாகப் போய் வராமல் போனவர் அவர். பெயரைப் போட்டுத் தேடியதில் ஒன்றும் வரவில்லை. குடும்பத்துக்குக் கப்பல் பெயர் மட்டும் தெரிந்திருந்தது, அதைப் போட்டு, அந்தக் கப்பலில் இறந்த இந்தியர்களை ஒவ்வொருவராகப் படித்துக்கொண்டே வந்தபோது, அடையாளமே தெரியாத எழுத்துக்கூட்டலில் பாட்டனார் இருந்தார். தகப்பன் பெயரைப் பார்த்துத்தான் உறுதி செய்தோம். நண்பர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து மூன்று அக்காமார்களுக்கும் அனுப்பினார்.

ரஜுலாவைச் சொன்னேன் அல்லவா, அதன் சோடிக் கப்பல் ரோனா. அதுவும் 1926-ல் கட்டியது, அதுவும் சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர் மார்க்கத்தில் ஓடியது, நம் பாட்டன்மார் நிறைய பேர் அதில் வந்திருப்பார்கள். போரில் அதைப் படைக் கப்பலாக எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மன் விமானம் ஒன்று ஏவிய வழிகாட்டிக் குண்டு பட்டு மூழ்கியது. அமெரிக்கப் படைவீரர்கள் 1,015 பேர் இறந்தார்கள், அமெரிக்காவில் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கூடவே இறந்த கப்பல் ஊழியர்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அவர்களைப் பற்றி அந்த எழுத்துகளில் ஒரு வரி இருந்தால் அதிகம். ஆணையத்தின் தளத்தில் ரோனா என்று போட்டுத் தேடிப் பாருங்கள்.

இங்கே சிறைப்பட்ட இந்தியப் படைவீரர்களும் கடலில் போயிருக்கிறார்கள். ஜப்பானியர் அவர்களை நியூகினி பக்கம் கூலி வேலைக்கு ஏற்றிப் போன கப்பல்களில் ஒன்று புயோ மாரு. 1943 ஜனவரி 26 அன்று அமெரிக்க நீர்மூழ்கி வாஹூ அதை அடித்ததில் 195 இந்தியக் கைதிகள் இறந்தார்கள். கைதியாக எங்கோ கொண்டு போனார்கள், சேதியே இல்லை என்று குடும்பத்தில் சொல்கிறவர்கள், ஆணையத்தின் தளத்தில் ரெஜிமென்ட்டோடு அந்த மாதிரித் தேதிகளையும் போட்டுப் பார்க்கலாம்.

சரி, மறுபடியும் 1924. கப்பலின் பெயர் கிடைத்தாயிற்று, அதற்கு மேல் போக வழி உண்டா? உண்டு, ஆனால் அது சிங்கப்பூரில் இல்லை. பிரிட்டனில் பதிவான ஒவ்வொரு கப்பலுக்கும் 1855-லிருந்து ஓர் அதிகாரபூர்வ எண் கொடுத்தார்கள், கப்பல் பெயர் மாறினாலும் கை மாறினாலும் அந்த எண் மாறாது. பிரிட்டிஷ் கப்பல் ஊழியர் பட்டியல்களுக்கான கிளிப் என்ற தளத்தில் கப்பல் பெயரைப் போட்டு அந்த எண்ணை இலவசமாக எடுக்கலாம். அதை வைத்துத்தான் ஊழியர் ஒப்பந்தத்தையும் கப்பல் நாட்குறிப்பையும் தேட வேண்டும். பயணத்தில் யார் பிறந்தாலும் இறந்தாலும் கேப்டன் நாட்குறிப்பில் எழுத வேண்டும் என்பது விதி. பிற்காலத்தில் இடமில்லை என்று நாட்குறிப்புகளை மூட்டை மூட்டையாக அழித்தபோது, பல வருஷங்களுக்குப் பிறப்போ இறப்போ பதிவாகியிருந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆக, ஒருவர் செத்ததால்தான் அந்தப் பயணத்தின் நாட்குறிப்பு மிஞ்சியிருக்கிறது என்று ஆகிறது. வேடிக்கைதான்.

இந்தக் காகிதங்கள் இருக்கிற இடங்கள்தான் தலைவலி. 1863 முதல் 1938 வரையான ஊழியர் ஒப்பந்தங்களில் சுமார் 70 விழுக்காடு நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில், மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்று ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நம் தீவு இல்லை, கனடாவில் இருக்கும் ஊர். பத்தில் ஒரு பங்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். ஐந்தில் முடியும் வருஷங்களின் கட்டு கிரீன்விச் கடல்சார் அருங்காட்சியகத்தில். ஒப்பந்தம் முடிந்த வருஷத்தை வைத்துக் கட்டுவதால், 1924 நவம்பரில் நடந்த பயணத்தின் காகிதம் 1925 கட்டில் இருந்தாலும் இருக்கலாம், அப்படியானால் கனடாவுக்கு எழுதிப் பயனில்லை, கிரீன்விச்சுக்கு எழுத வேண்டும். இது தவிர கியூவில் பி.டி. 334 என்று ஒரு வரிசை இருக்கிறது, 1891-லிருந்து கப்பலில் நடந்த பிறப்பு, இறப்புகளுக்கான பதிவேடுகள். இறந்தவர் பெயர், வயது, என்ன நோய், கப்பல் எண், இறந்தபோது கப்பல் கடலில் எந்த அட்சரேகை தீர்க்கரேகையில் இருந்தது என்பது வரை அதில் எழுதும் வழக்கம். நகல் எடுத்து அனுப்பக் கட்டணம் உண்டு, காத்திருக்கவும் வேண்டும். நானும் எழுதியிருக்கிறேன்.

இந்தியப் பக்கத்துக்கு, தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம் இலவசம். குடியேற்றத் துறைக் கோப்புகளின் தலைப்புகளைத் தேடலாம், சில கோப்புகளை அப்படியே திறந்து படிக்கவும் முடிகிறது. தனி ஆள் கிடைப்பது அபூர்வம், டெக் பயணிகளின் நெரிசல், நோய், கப்பலில் மருத்துவர் பற்றிய கடிதப் போக்குவரத்து மாதிரி விஷயங்களுக்கு நல்ல இடம். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கு நேரில்தான் போக வேண்டும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

நியூஸ்பேப்பர்எஸ்ஜிக்கு மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் ஐந்துக்கு நாலு. காசு வாங்காமல் இவ்வளவு பழைய பத்திரிகைகளைத் தேதிவாரியாகப் பிரித்து, பக்கத்தின் படத்தோடு திறந்து வைத்திருப்பதற்கே மூன்று கொடுக்கலாம், தேடல் வேகமாக வருவதற்கு இன்னொன்று. பிடித்துவைத்த ஒன்று அந்தக் கப்பல் போக்குவரத்துப் பத்திக்காக. அதே வாரியத்தின் கீழுள்ள ஆவணக் காப்பகம் சிட்டிசன் ஆர்கைவிஸ்ட் என்ற திட்டத்தில் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் பொதுமக்களைக் கொண்டே படித்துத் தட்டச்சு செய்ய வைத்திருக்கிறது. கப்பல் பத்திகளுக்கும் அப்படி ஒன்று ஆரம்பித்தால் நாகப்பட்டினம் கப்பல்களை நானே எடுத்துக்கொள்கிறேன், 1910-லிருந்து 1930 வரை.